ஒரு பெட்டிக்கு ஏழு மணித்தியாலம்

2026 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து இலங்கையில் ஒரு நாள் வேலைக்குக் குறைந்தது 1,200 ரூபாய் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். மாதச் சம்பளம் என்றால் 30,000. இந்தக் குறைந்தபட்ச வேதனச் சட்டம் 2016இல் முதன்முதலாக வந்தபோது ஒரு நாளுக்கு 400 ரூபாய்தான். 2021இல் 500 ஆனது, 2024இல் 700, 2025 ஏப்ரலிலிருந்து 1,080, இப்போது 1,200. அரிசியும் தேங்காயும் விற்கிற விலைக்கு இது பெரிய காசு இல்லை. ஆனாலும் இந்த நாட்டில் ஒரு மனிதரின் ஒரு நாள் உழைப்பு இதற்குக் கீழே போகக்கூடாது என்று பாராளுமன்றம் கீறிவைத்த கோடு அது. அதை நான் மதிக்கிறேன்.

அந்தக் கோட்டுக்கு வெகு கீழே உழைக்கிற பெண்கள் என் ஊர்ப் பக்கத்தில் இருக்கிறார்கள். பாலாவிச் சந்தியில் திரும்பிக் கற்பிட்டிக்குப் போகிற வீதியில் ஒருக்காலாவது போயிருப்பீர்கள். ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல், நடுவில் மணல் நிலம். நுரைச்சோலை தாண்டினால் வெங்காயத் தோட்டமும் தென்னையும், இடையிடையே பனையும். அந்தப் பனையோலையில் பெட்டியும் பாயும் சுளகும் இழைக்கிற பெண்களைத்தான் சொல்கிறேன். 1,200 ரூபாயை ஒரே நாளில் அவர்கள் சம்பாதித்ததில்லை. இதில் சட்டத்தை மீறியவர் என்று யாரையும் பிடிக்கவும் முடியாது. கடைக்காரரைக் கேட்டால், "நான் சம்பளத்துக்கு ஆள் வைக்கல்லயே, சாமான் வாங்குறேன்" என்பார். இழைக்கிறவர் தன் வீட்டுத் திண்ணையில் இருந்து ஒரு பொருளைச் செய்து விற்கிறவர். அவருக்கு விலை உண்டு, சம்பளம் கிடையாது. விலைக்குக் குறைந்தபட்சம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

என் சண்டை முழுக்க இந்த இடத்தோடுதான்.

இங்கே இழைக்கிறவர்கள் யார் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். தலைமுறை தலைமுறையாக இந்த மணலில் இருக்கிற குடும்பங்களும் உண்டு. ஆனால் நான் பழகுகிறவர்களில் பலர் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு வந்த முஸ்லிம் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா என்று எல்லாப் பக்கமும் சேர்த்து ஏறத்தாழ 75,000 பேர் அப்போது ஊரை விட்டு வந்தார்கள். கூடுதலானோர் தங்கியது எங்கள் மாவட்டத்தில். அன்றைக்கு முகாம்களில் போட்ட கொட்டில்களுக்குக் கிடுகு பின்னியதும் பெண்களின் கைதான். மன்னார்ப் பக்கம் பனையோலை வேலை பழகிய பெண்கள் அந்தப் பழக்கத்தோடு வந்து சேர்ந்தார்கள். காணி, மாடு, வள்ளம், கடை எல்லாம் விட்டுவிட்டு வந்த இடத்தில் கையில் மிஞ்சிய முதல் அது ஒன்றுதான். அவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது வளர்ந்துவிட்டார்கள். வெங்காயக் காலத்தில் தோட்டத்தில் கூலிக்கு நிற்பதும், மற்றக் காலத்தில் ஓலையோடு இருப்பதுமாக அந்த வீடுகள் ஓடுகின்றன.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு ராத்தா இருக்கிறார். மூடிபோட்ட பெட்டி இழைப்பதில் அவருக்கு நிகர் இந்தப் பக்கம் இல்லை. மூடியைக் கையால் எடுத்து மறுபடி வைத்தால் ஒரு நூல் இடைவெளி இருக்காது. அவர் வேலை செய்கிறதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் இந்த விலைக் கதை எவ்வளவு பெரிய அநியாயம் என்று விளங்கும்.

முதலில் குருத்தோலை வேண்டும். மரத்தில் ஏறி வெட்டித் தர ஒருவருக்குக் காசு கொடுக்க வேண்டும். எல்லா மரத்திலும் வெட்ட முடியாது. ஒரே மரத்தில் அடிக்கடி குருத்து எடுத்தால் மரம் கெட்டுப்போகும் என்பது ஏறுகிறவருக்கும் தெரியும், இழைக்கிறவருக்கும் தெரியும். கொண்டுவந்த குருத்தை விரித்து வெயிலில் போட வேண்டும். பகல் வெயிலும் இரவுப் பனியும் மாறி மாறிப் பட்டால்தான் ஓலை வெளுத்து, வளைகிற பதத்துக்கு வரும். மழை இருட்டினால் ஓடிப்போய் அள்ள வேண்டும், நனைந்தால் கறுத்துவிடும். பிறகு ஈர்க்கைக் கிழித்து எடுத்து, ஓலையை ஒரே அகலத்தில் வார வேண்டும். ராத்தா அளவுகோல் வைப்பதில்லை. சின்னக் கத்தியின் நுனியை ஓலையில் ஊன்றி, மறுகையால் ஓலையை இழுக்கிறார். வரிசையாக விழுகிற கீற்றுகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் ஒரே ஓலை மாதிரி இருக்கும். நிறம் வேண்டிய கீற்றுகளைச் சாயத்தண்ணியில் போட்டு அவித்து, நிழலில் காயவைக்க வேண்டும். பழைய பானை ஒன்றை அதற்கென்றே வைத்திருக்கிறார். சாயத்தூள் வெளிநாட்டிலிருந்து வருகிற சாமான். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு ஏறியபோது சாயத்தின் விலையும் ஏறியது. பெட்டியின் விலை அந்த அளவுக்கு ஏறவில்லை.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் இழைக்கத் தொடங்குவது. அதையும் நினைத்த நேரத்தில் செய்ய முடியாது. மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரைக்கும் இந்தக் கரையில் கச்சான் காற்று அடிக்கிற அடி உங்களுக்குத் தெரியும். பட்டம் பிடித்துக் கடலில் ஓடுகிற வெள்ளைக்காரர்கள் அதற்காகவே கண்டக்குழிக்கு வருகிறார்கள். அந்தக் காற்றில் ஓலை முறுகி, மடிக்கிற இடத்தில் வெடிக்கும். அதனால் ராத்தா சுபஹுத் தொழுகை முடிந்ததும் கொஞ்ச நேரம், பிறகு பின்னேரம் காற்று அடங்கியதும், பிறகு இரவு இஷா முடிந்து வீடு அடங்கிய பிறகு என்று இருக்கிறார். இடையில் ஓலையை ஈரத்துணியில் சுற்றி வைக்கிறார். விளிம்புக்கு ஈர்க்கு வைத்து நாரால் கட்டுகிற வேலை கடைசி. விரல் நுனி வெட்டுப்படுவது அதில்தான்.

அண்மையில் கரையோரத்து ஹோட்டல் ஒன்றிலிருந்து ஓடர் ஒன்று வந்தது. அறைகளில் வைக்க மூடிப்பெட்டியும், சாப்பாட்டு மேசைக்குப் பாண் வைக்கிற தட்டுப்பெட்டியும். விலை கேட்டு வட்ஸ்அப்பில் செய்தி போட்டிருந்தார்கள். எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும் என்பதால் பதில் எழுதுகிற வேலை என்னிடம் வந்தது. நான் ராத்தாவிடம், "ஒரு பெட்டிக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் ராத்தா?" என்று கேட்டேன்.

"நேரமா? நேரத்த யாரு மகள் பாத்தது? உலை வெச்சிட்டு இருப்பன், புள்ளையள் படுத்தாப் பொறகு இருப்பன். எப்பிடியும் முடிஞ்சிரும்."

"சரி, இந்த ஒரு பெட்டிக்கு மட்டும் பாப்போம்" என்றேன். அவருடைய மகள் ஏ.எல். படிக்கிற பிள்ளை. கொப்பியில் கோடு போட்டு, உம்மா ஓலையைத் தொடுகிற ஒவ்வொரு முறையும் மணி எழுதினாள். ஓலை காயப்போட்டு அள்ளியது, வார்ந்தது, சாயம் அவித்தது எல்லாவற்றையும் அந்தக் குருத்தில் எத்தனை பெட்டி வரும் என்று பிரித்து, ஒரு பெட்டியின் பங்கையும் சேர்த்தாள். மூடிப்பெட்டி ஒன்றுக்கு ஏறத்தாழ ஏழு மணித்தியாலம் வந்தது.

1,200 ரூபாயை எட்டு மணித்தியாலத்துக்குப் பிரித்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 150. ஏழு மணித்தியாலத்துக்கு 1,050. அது கைக்கூலி மட்டும். அதற்கு மேல் குருத்துக் காசு, ஏறினவருக்குக் காசு, சாயம், விறகு. வழமையாக வந்து வாங்குகிற வியாபாரி கொடுக்கிற காசில் ஓலைச் செலவைக் கழித்து, மிச்சத்தை ஏழால் பிரித்துப் பார்த்தோம். மணித்தியாலத்துக்கு 150 ரூபாயில் பாதிகூட வரவில்லை. இத்தனைக்கும் இந்தத் தொழிலில் மிகத் திறமான கை அது. மேசன் வேலையில் திறமான கைக்குக் கூடக் கூலி கொடுக்கிற ஊர் இது. ஓலையில் மட்டும் ஏன் அப்படி இல்லை?

ராத்தா கொப்பியை வாங்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "இப்பிடிக் கணக்குப் பாத்தா நாங்க இத்தன வருசமும் அவங்களுக்குக் காசு குடுத்த மாதிரி இல்லையா?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த எந்தப் பொருளாதாரப் புத்தகத்திலும் இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை.

இந்த நிலைமை எப்படி வந்தது என்று யோசித்தால், பெண்கள் வீட்டில் இருந்து செய்கிற வேலையை வேலையென்றே யாரும் எடுக்காததுதான் அடி என்று எனக்குப் படுகிறது. அலுவலகங்களின் அறிக்கைகளில் "ஓய்வு நேரத்தில் மேலதிக வருமானம்" என்று எழுதுகிறார்கள். புருசன் கடலுக்குப் போய் உழைக்கிறான், இது அதற்கு மேலே வருகிற சில்லறை என்பது நினைப்பு. கச்சான் காலத்தில் படகு இறங்காத நாட்களில் அரிசி வாங்குவது இந்தக் காசில்தான். கணவரை இழந்த வீடுகளில் எல்லா நாளும் இந்தக் காசில்தான். இரவு பதினொரு மணிக்கு விளக்கு வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கி இழைப்பதை ஓய்வு என்று எழுத எப்படி மனம் வருகிறது?

இதே நினைப்பில்தான் பயிற்சி வகுப்புகளும் நடக்கின்றன. எங்கள் பக்கம் ஒரு நிறுவனம் வந்து, இருபது முப்பது பெண்களை மண்டபத்தில் இருத்தி, இரண்டு கிழமை இழைக்கச் சொல்லிக்கொடுத்து, சான்றிதழ் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போனது. வந்தவர்களில் பாதிப்பேருக்கு வகுப்பெடுத்தவரைவிட நன்றாக இழைக்கத் தெரியும். விலை எப்படிப் போடுவது, ஓடர் எடுக்கும்போது முற்பணம் எப்படிக் கேட்பது, சாமானைக் கொண்டுபோனவர் காசு தராவிட்டால் எங்கே போய்ச் சொல்வது, இதில் ஒன்றையாவது அந்த இரண்டு கிழமையில் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

முற்பணம் என்று சொன்னேன். அது சின்ன விசயம் இல்லை. பல கடைகள் சாமானை வைத்துவிட்டுப் போகச் சொல்கின்றன, விற்றால்தான் காசு. ஓலைக்கும் சாயத்துக்கும் இன்றைக்கே காசு போய்விட்டது, அது திரும்பி வர இரண்டு மூன்று மாதம். அந்த இடைவெளியை நிரப்புவது கடன். ஒன்றில் வியாபாரியிடம் வாங்க வேண்டும். வாங்கினால் அவர் சொன்ன விலைக்குத்தான் பெட்டி. இல்லாவிட்டால் கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலில் வந்து நிற்கிற நுண்கடன். 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் வாங்கிய ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. அதில் புத்தளமும் ஒன்று. அந்தக் கடன்களெல்லாம் வீண் செலவால் வந்தவை என்று பேசியவர்கள் உண்டு. கூலி ஒழுங்காகக் கிடைத்திருந்தால் அதில் எத்தனை கடன் வாங்கப்பட்டிருக்காது என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

இது பனையோலையின் கதை மட்டுமில்லை. எங்கள் மாவட்டத்தின் தெற்குப் பக்கம், சிலாபம் தாண்டி மாதம்பை, மாரவில என்று போனால் தென்னை நாடு. அங்கே தும்பு. பொச்சு மட்டை ஊறி மணக்கிற குழிகளையும், மில்லில் தும்புத்தூசி மூக்கில் ஏற நிற்கிற பெண்களையும் காணலாம். திரிக்கிற கயிறுக்கும் கட்டுகிற கட்டுக்கும் கணக்குப் பார்த்துத்தான் காசு. மில்லுக்குள் வேலை செய்கிறவருக்கு முதலாளி என்று காட்ட ஒருவராவது இருக்கிறார். வீட்டில் கயிறு திரிக்கிறவருக்கு அதுவும் இல்லை. தும்புத் துறை பல கோடி டொலர் ஏற்றுமதி என்று பட்ஜெட் காலத்தில் பெருமையாகச் சொல்கிறார்கள், அதன் கடைசி நுனியில் இருப்பது இந்தப் பெண்.

சட்டத்தால் இதைச் செய்ய முடியாது என்று சொல்கிறவர்களுக்கு நான் சொல்வது, சட்டத்தில் இதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச்சட்டம் நாட்கூலிக்கு மட்டுமல்ல, செய்து முடிக்கிற எண்ணிக்கைக்குக் கொடுக்கிற துண்டுக்கூலிக்கும் குறைந்தபட்சம் விதிக்க இடம் தருகிறது. ஊழியர் சேமலாப நிதியும் துண்டுக்கூலிக்காரரை விலக்கவில்லை. முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம் கட்ட வேண்டும். ஆக, எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவரும் தொழிலாளிதான் என்பது இந்த நாட்டுச் சட்டத்துக்குப் புதிய சங்கதி இல்லை. ஒரே வியாபாரிக்கு, அவர் சொன்ன அளவில், அவர் சொன்ன நிறத்தில், அவர் சொன்ன திகதிக்குள் வருசக்கணக்காகப் பெட்டி இழைத்துக் கொடுக்கிற பெண்ணை விற்பனையாளர் என்று சொல்வது எந்த வகையில் நியாயம்? அவருக்குப் பேரம் பேசவும் இடமில்லை, வேறு ஆளிடம் கொண்டுபோகவும் இடமில்லை.

வீட்டிலிருந்து வேலை செய்கிறவரும் தொழிலாளியே என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1996இல் 177ஆம் இலக்கச் சமவாயத்தில் எழுதிவைத்துவிட்டது. அதை எழுத வைத்தவர்களில் முக்கியமானவர்கள் அகமதாபாத்தின் சேவா சங்கத்துப் பெண்கள். இலா பட் 1972இல் தொடங்கிய அந்தச் சங்கத்தில் பீடி சுற்றுகிறவர்களும் துணி தைக்கிறவர்களும் தெருவில் மரக்கறி விற்கிறவர்களும் சேர்ந்தார்கள். இவர்களுக்கு முதலாளி யார் என்று காட்ட முடியாது, அதனால் தொழிற்சங்கமாகப் பதிய முடியாது என்று முதலில் சொன்ன அதிகாரிகளோடு சண்டை பிடித்தே அவர்கள் பதிந்தார்கள். இலங்கை அந்தச் சமவாயத்தை ஏற்று ஒப்பமிடவில்லை.

தமிழ்நாட்டின் திருநெல்வேலிப் பக்கத்தைப் பாருங்கள். வீட்டுத் திண்ணையில் இருந்து பீடி சுற்றுகிற பெண்ணையும் இந்தியாவின் 1966ஆம் ஆண்டுப் பீடித் தொழிலாளர் சட்டம் தொழிலாளி என்றே எண்ணியது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி பேசி, வருங்கால வைப்பு நிதிக் கணக்கும் வைத்திருக்கிற பெண்கள் அங்கே ஏராளம். அந்தக் கூலியும் போதாது, புகையிலைத் தூள் நெஞ்சைக் கெடுக்கும், அது வேறு துயரம். ஆனால் திண்ணையில் இருந்து செய்தாலும் தொழிலாளிதான் என்று அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒரு சட்டத்தால் சொல்ல முடிந்திருக்கிறது. அதே மாவட்டத்துப் பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிற பெண்கள் இருக்கிறார்கள். பட்டுப்போல மடிகிற பாய், உலகம் முழுக்கப் பேர், புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பீடிக்கு எழுதியது மாதிரி ஒரு சட்டம் பாய்க்கு எழுதப்படவில்லை. பேரும் குறியீடும் சோறு போடாது. கற்பிட்டிப் பெட்டிக்கு ஒரு முத்திரை வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று என்னிடம் சொல்கிற நண்பர்களுக்குப் பத்தமடையைத்தான் காட்டுகிறேன்.

நியாய வணிகம் என்கிற ஏற்பாடு இதில் கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. உலக நியாய வணிக அமைப்பின் விதிகளில் எனக்குப் பிடித்தது முற்பணம் பற்றியது. கைவினைப் பொருளுக்கு ஓடர் கொடுக்கிறவர், கேட்டால் குறைந்தது பாதிக் காசை வட்டியில்லாமல் முதலே கொடுக்க வேண்டும். பக்கத்து மாவட்டமான குருநாகலில் சன்ட்ரா வண்டுராகல 1991இல் தொடங்கிய செலின் கைத்தறி நிறுவனம் அந்த அமைப்பின் உத்தரவாதம் பெற்றது. கிராமத்துப் பெண்களைக் கொண்டு நெய்து வெளிநாட்டுக்கு அனுப்பி, நியாயமான கூலியும் கொடுத்துக் கடை நடத்தலாம் என்பதற்கு அது நம் கண்முன்னால் இருக்கிற சாட்சி. ஆனால் நல்ல மனதுள்ள ஒரு நிறுவனத்தை நம்பி ஒரு மாவட்டத்தின் பெண்கள் காத்திருக்க முடியாது.

இனி என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்விக்கு வருகிறேன். "விலையைக் கூட்டினால் யார் வாங்குவது?" இதைக் கேட்கிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். உண்மையில் கஷ்டமான கேள்வி.

ஹோட்டல் அறையில் வைக்கிற மூடிப்பெட்டிக்கு இந்தக் கேள்வி பொருந்தாது. ஒரு இரவுக்கு அவர்கள் வாங்குகிற வாடகையோடு பார்த்தால் 1,050 ரூபாய்க் கைக்கூலி ஒரு பொருட்டே இல்லை. கொழும்பில் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்து விற்கிற கடைக்கும் பொருந்தாது. அங்கே விலை ஏற்கெனவே கூடத்தான் இருக்கிறது, அந்தக் கூடுதல் இழைத்தவரிடம் வரவில்லை, அவ்வளவுதான். 1964இலிருந்து லக்சல இருக்கிறது, 1978இலிருந்து பனை அபிவிருத்திச் சபை இருக்கிறது, 1982ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த தேசிய அருங்கலைகள் பேரவை இருக்கிறது. அரசாங்கத்தின் கடையாவது ஒவ்வொரு பொருளிலும் இழைத்தவருக்குப் போன காசு எவ்வளவு என்று ஒரு துண்டில் எழுதி ஒட்டட்டும். மற்றக் கடைகள் தானாகவே யோசிக்கத் தொடங்கும்.

கஷ்டம் எங்கே என்றால், சுளகிலும் கடகத்திலும் பாயிலும்தான். அவற்றை வாங்குவது நம்மைப்போல ஏழைச் சனம். தலவில் அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்கு ஓகஸ்டில் வந்து மரத்தடியில் தங்குகிற மீனவக் குடும்பம் பாய் வாங்கும். உடப்பில் கருவாடு காயப்போடுகிற பெண் கடகம் வாங்குவார். பக்கத்தில் பிளாஸ்டிக் கூடை பாதி விலைக்குத் தொங்குகிறது. இவர்களிடம் ஏழு மணித்தியாலக் கூலியைக் கேட்க முடியுமா? ஒரு ஏழையின் கூலியை இன்னொரு ஏழையின் மடியிலிருந்து எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

இங்கேதான் அரசாங்கம் வர வேண்டும் என்கிறேன், அதற்கும் முன்மாதிரி உண்டு. கேரளத்தில் ஆலப்புழைப் பக்கத்துக் கயிறுத் தொழிலாளர்கள் 1922இலேயே சங்கம் வைத்தவர்கள். அங்கே கயிறு திரிக்கிறவருக்குக் கூட்டுறவுச் சங்கம் கொடுக்கிற கூலிக்கும் அரசாங்கம் தீர்மானித்த கூலிக்கும் இடையில் இருக்கிற குறையை மாநில அரசே போட்டு நிரப்புகிற வருமான உதவித் திட்டம் இருக்கிறது. அது அங்கே நடக்கும், இங்கே நடக்காது என்று சொல்ல முடியாது. 2025 நவம்பரில் வந்த 2026ஆம் ஆண்டுப் பட்ஜெட்டில் நம் மலையகத் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350இலிருந்து 1,750 ஆனது. அதில் 1,550ஐக் கம்பனியும் 200ஐ அரசாங்கமும் கொடுப்பதாக ஏற்பாடு. அந்த 1,750க்காக அவர்கள் எத்தனை வருசம் ரோட்டில் இறங்கினார்கள்! ஆயிரம் ரூபாய்ப் போராட்டம் மட்டும் எத்தனை வருசம் இழுபட்டது! அவர்களுக்குச் சங்கம் இருக்கிறது, சம்பளச் சபை இருக்கிறது, பத்திரிகையில் செய்தி வருகிறது. ஓலை இழைக்கிறவருக்கு இந்த மூன்றும் கிடையாது. தனித்தனி வீட்டில், தனித்தனித் திண்ணையில் இருக்கிறார்கள். வியாபாரி ஒரு வீட்டில், "பக்கத்து வீட்டில நூறு ரூபா குறைச்சுத் தாறாங்க" என்று சொன்னால் அது உண்மையா பொய்யா என்று போய்க் கேட்கிற பழக்கம்கூட அண்மைக்காலம் வரை இருக்கவில்லை.

காலமும் இப்போது சாதகமாகத்தான் இருக்கிறது. 2025 நவம்பர் 1ஆம் திகதியிலிருந்து கடைகள் கைபிடி வைத்த பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுக்க முடியாது. மலிவென்று நாம் நினைத்த பிளாஸ்டிக்கின் உண்மையான விலையை இந்தக் களப்புக் கரை நன்றாகவே அறியும், கண்டல் வேர்களில் சிக்கித் தொங்குவது அதுதான். ஓலைப்பைக்கு ஆள் தேடி வருகிற நேரம் இது. வருகிற ஓடர்களைக் குறைந்த விலைக்கு அள்ளிக் கொடுத்துவிட்டால், தேவை கூடக் கூட உழைப்பு மட்டும் கூடும், வீட்டுக்கு ஒன்றும் மிஞ்சாது. அதனால்தான் இப்போதே கணக்கைப் பிடிக்க வேண்டும் என்று அவசரப்படுகிறேன்.

ஹோட்டல்காரர்களுக்கு நாங்கள் அனுப்பிய பதில் இதுதான்: மூடிப்பெட்டிக்கு ஏழு மணித்தியாலம், மணித்தியாலத்துக்கு 150, அதோடு ஓலையும் சாயமும், பாதிக் காசு முற்பணம். விலையைப் பார்த்ததும் முகாமையாளர் தொலைபேசி எடுத்தார். கூட என்றார். எது கூட என்று நான் கேட்டேன், மணித்தியாலமா, 150 ரூபாயா? அந்த 150 சட்டம் சொல்கிற ஆகக் குறைந்த கூலி என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, முதலாளியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். கேட்டதில் பாதி எண்ணிக்கைக்குத்தான் ஓடர் வந்தது. ஆனால் எங்கள் விலையில், முற்பணத்தோடு வந்தது. மற்றப் பாதி போய்விட்டதே என்று சிலருக்குக் கவலை. ராத்தாவுக்கு இல்லை. பாதி வேலைக்கு முந்தி முழு வேலைக்கு வந்த காசைவிடக் கூடக் கிடைத்தது என்று மகளின் கொப்பியைக் காட்டி அவரே மற்றவர்களுக்கு விளக்கினார்.

இப்போது பத்துப் பன்னிரண்டு வீடுகள் சேர்ந்திருக்கின்றன. ஒரு வீட்டில் சொல்கிற விலைதான் மற்ற வீட்டிலும். பிரதேச செயலகத்தில் சங்கமாகப் பதிவதற்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறோம். ஹோட்டலுக்கும் கொழும்புக்கும் போகிற சாமான்களுக்கு விலை போட்டாயிற்று. சுளகுக்கு என்ன போடுவது என்பதில் இன்னும் ஒத்துவரவில்லை. முழுக் கூலியும் போட வேண்டும் என்று இளம் பிள்ளைகள் நிற்கிறார்கள். ஊர்ச் சனத்திடம் அப்படிக் கேட்க ஏலாது, ஹோட்டல் பெட்டியில் வருகிற மிச்சத்தில் கொஞ்சத்தைச் சுளகு இழைக்கிறவருக்குப் போடுவோம் என்கிறார் ராத்தா. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு இருந்து கதைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.